56 கி.மீ. ஓடுகிறவருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஐம்பத்தாறு கிலோ மீட்டர்! ஏறக்குறைய சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற தூரம். பஸ்ஸில் உட்கார்ந்து போனாலே இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறோம். அவ்வளவு தூரத்தையும் மலையும் கடலும் ஒட்டிய சாலையில் ஓடியே கடக்கிற பந்தயம் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தில் நடக்கிறது. அதன் பெயர் ‘டூ ஓஷன்ஸ்’. ‘இரு கடல்கள்’ என்று அர்த்தம். 1970-இல் தொடங்கியது.

எதற்காகத் தொடங்கினார்கள் தெரியுமா? இதைவிட நீளமான இன்னொரு பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பதற்காக! அது ‘காம்ரேட்ஸ்’. டர்பன் என்கிற கடற்கரை நகரத்துக்கும் உள்நாட்டில் இருக்கிற பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துக்கும் நடுவே சுமார் 90 கி.மீ. ஓட்டம். முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்ஹாம் என்ற முன்னாள் சிப்பாய் 1921-இல் ஆரம்பித்து வைத்தார். மாரத்தான் என்றால் 42 கி.மீ. சொச்சம். அதற்கு மேல் போனால் ‘அல்ட்ரா மாரத்தான்’.

“எங்கேயோ ஆப்பிரிக்காவில் ஓடுகிறார்கள். அதை ஏன் டாக்டர் நமக்குச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. காம்ரேட்ஸுக்கு வெளிநாட்டிலிருந்து போகிறவர்களில் இந்தியர்கள் இப்போது நிறையப் பேர். நம் ஊர்க் கடற்கரையிலும் விடியற்காலை நாலரை மணிக்குப் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், பேங்க் மேனேஜர், பேரன் எடுத்த தாத்தா, பள்ளிக்கூட டீச்சரம்மா எல்லாரும் ஓடுகிறார்கள். பத்து கிலோ மீட்டரில் தொடங்கியவர்கள் மாரத்தானுக்கு வருகிறார்கள். அதன்பிறகு அல்ட்ரா ஆசை வருகிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரே கவலை. “தண்ணியே குடிக்காம ஓடறான் டாக்டர், மயங்கி விழுந்துட்டா?” ஓடுகிறவருக்கோ எதிர்ச் சந்தேகம். “எவ்ளோ குடிச்சாலும் பத்தாதுன்னு சொல்றாங்களே ஐயா, நிஜமா?” இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லத்தான் இந்தப் பாடம்.

கடற்கரைச் சாலையின் குணம்

டூ ஓஷன்ஸ் பந்தயத்தின் வழக்கமான பாதையை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஊருக்குள் புறப்பட்டு மியூசன்பர்க் என்ற இடத்தில் கடலைத் தொடுகிறார்கள். ஃபிஷ் ஹூக் வரை சமதளமான கடலோரம். பிறகு தீபகற்பத்தின் குறுக்கே மறுபக்கம் போய், சாப்மன்ஸ் பீக் என்கிற மலைச் சாலையில் ஏறுகிறார்கள். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கீழே அட்லாண்டிக் கடல். அதில் இறங்கி ஹவுட் பே வந்தால் ஒரு முழு மாரத்தான் முடிந்த கணக்கு. அதன்பிறகுதான் கான்ஸ்டான்ஷியா நெக் என்கிற பெரிய ஏற்றம்! கால் சோர்ந்த பிறகு வருகிற ஏற்றம்.

கடற்காற்று உடம்புக்கு இரண்டு விதமாக வித்தை காட்டும். கேப்டவுன் போன்ற இடத்தில் குளிர்ந்த காற்று வீசும்போது வியர்வை வருவது குறையும். வெயில் காலத்துக் கணக்கில் தண்ணீர் குடித்தால், உள்ளே போவது அதிகம், வெளியே வருவது குறைவு என்றாகிவிடும்.

சென்னை, டர்பன் போன்ற ஊர்களில் புழுக்கமான நாளில் கதை வேறு. வியர்வை சொட்டுகிறது, ஆனால் காய்வதில்லை. உடம்பைக் குளிர வைப்பது வியர்வை வழிவது அல்ல, அது ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூடு வெளியேறும். பனியனைப் பிழிந்தால் கொட்டுகிற வியர்வையால் அந்த லாபம் இல்லை. ஈரமாக இருக்கிறோமே, குடித்துக்கொண்டும் இருக்கிறோமே, சூடு பிடிக்காது என்று நினைப்பது தப்பு. குடிக்கிற தண்ணீர் மட்டும் வெப்பத்தாக்கைத் தடுக்காது. வேகத்தைக் குறைப்பது, நிழலில் நிற்பது, தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொள்வது, இவைதான் முதல் கவசம்.

‘குடிக்காதே’ காலமும் ‘குடி குடி’ காலமும்

1960-கள் வரை நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர், ஓடும்போது தண்ணீர் குடிப்பதைப் பலவீனம் என்றே நினைத்தார்கள். பிறகு காற்று திசை மாறியது. தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்த மட்டும் குடி என்ற உபதேசம் பரவியது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்கிற அமைப்பு 1996-இல் வெளியிட்ட அறிவுரையில், வியர்வையில் போவது முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்கு அல்லது வயிறு தாங்குகிற அளவுக்குக் குடிக்கலாம் என்றே இருந்தது. மணிக்கு 600 முதல் 1200 மில்லி வரை!

ஆனால் அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் ஒரு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. 1981-இல் காம்ரேட்ஸ் ஓடிய ஒரு பெண்மணி நிலை தடுமாறி, வலிப்பு வந்து மயக்கமானார். ரத்தத்தைச் சோதித்தால் சோடியம், அதாவது உப்புச் சத்து, 115. சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அவர் பிழைத்துக்கொண்டார். அவர் தண்ணீர் இல்லாமல் விழவில்லை. வழியெல்லாம் குடித்துக்கொண்டே வந்தவர்! கேப்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் டிம் நோக்ஸ் இவரைப் போன்ற 4 பேரைப் பற்றி 1985-இல் மருத்துவ இதழில் எழுதினார். நெடுநேர ஓட்டத்தில் அளவு மீறிய நீரும் ஆபத்து என்று உலகத்துக்குச் சொன்ன முதல் கட்டுரைகளில் அது ஒன்று.

உலகம் உடனே கேட்டுவிடவில்லை. 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இதே காரணத்தால் இறந்தார். அதே பந்தயத்தில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அதில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே. 3 பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதிகம் மாட்டினார்கள். நினைத்துப் பாருங்கள். 42 கி.மீ. ஓடி, எடை கூடியிருக்கிறது! வியர்த்ததைவிடக் குடித்தது அதிகம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

உப்பு நீர்த்துப்போனால் என்ன ஆகும்?

அடுப்பில் ரசம் கொதிக்கிறது. உப்பு சரியாக இருக்கிறது. திடீரென்று விருந்தாளி வந்துவிட்டார் என்று இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றினால்? பாத்திரத்தில் உள்ள உப்பு எங்கேயும் போகவில்லை, ஆனாலும் சப்பென்று ஆகிவிடும். ரத்தத்திலும் இதுதான் நடக்கிறது.

“கூடுதல் தண்ணீர் சிறுநீராகப் போய்விடாதா?” நல்ல கேள்வி. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது போய்விடும். ஆனால் மணிக்கணக்காக ஓடும்போது, உடம்பு இதை ஒரு ஆபத்தாக நினைத்து, வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குப் போகிற உத்தரவு அது. குழாய் திறந்திருக்கிறது, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்த்துப்போன ரத்தத்திலிருந்து தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை ஊறுகின்றன. கை ஊறினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை ஊறினால்? பூட்டிய டப்பாவுக்குள் உளுந்தை ஊறப்போட்ட மாதிரி. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு, மூச்சுத் திணறல்.

யாருக்கு அதிக வாய்ப்பு? வேகமாக ஓடி ஜெயிக்கிறவர்களுக்கு அல்ல. அவர்களுக்கு நின்று குடிக்கவே நேரம் கிடையாது. மெதுவாக ஓடுகிறவர்கள், சிறிய உடம்புக்காரர்கள், முதல் தடவை ஓடுகிறவர்கள், ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் கடமையாகக் குடிப்பவர்கள், இவர்களுக்குத்தான். நம் வீட்டிலிருந்து ஓடப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தானே?

சித்த மருத்துவம் சொல்லும் ‘வேகங்கள்’

உடம்பில் இயற்கையாக எழும் உந்துதல்களைச் சித்த மருத்துவத்தில் ‘வேகம்’ என்கிறோம். மொத்தம் 14 என்று படிக்கிறோம். பசி, நீர்வேட்கை, தூக்கம், தும்மல், கொட்டாவி, சிறுநீர், மலம், இளைப்பு, வாந்தி, கண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் பாலபாடம்.

அல்ட்ரா ஓடுகிறவர் எத்தனை வேகங்களை அடக்குகிறார் என்று எண்ணுங்கள். கழிப்பறை வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாமல் சிறுநீரை அடக்குகிறார். முந்தின இரவு தூக்கம் போய்விட்டது. பசி வந்தும் சாப்பிடவில்லை. மூச்சு இளைக்கிறது, உட்கார் என்று உடம்பு சொல்கிறது, பக்கத்தில் ஓடுகிறவர் முந்திவிடுவாரே என்று உட்காரவில்லை. வாதம் கெடுவதற்கு வேறு என்ன வேண்டும்?

நீர்வேட்கையும் ஒரு வேகம்தான். அதை அடக்கக் கூடாது. அதே சமயம், எழாத வேகத்தை வலிய எழுப்பவும் கூடாது. பசிக்காத குழந்தைக்குச் சோற்றைத் திணித்தால் வாந்தி எடுக்கிறது அல்லவா? தாகம் இல்லாதபோது லிட்டர் கணக்கில் திணிப்பதும் அப்படித்தான். 2015-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பல நாட்டு நிபுணர்கள் கூடி எடுத்த முடிவும் இதுவே. தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகம் தீர்ந்ததும் நிறுத்துங்கள் என்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் சித்த மருத்துவமும் நவீன மருத்துவமும் ஒரே திண்ணையில் உட்காருகின்றன.

ஓட்டத்தில் உடம்பு எடை கொஞ்சம் குறைவது இயற்கை. 60 கிலோ ஆள் நெடுந்தூரம் ஓடி ஒன்று, ஒன்றரை கிலோ குறைந்தால் பதற வேண்டாம். இதை வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம். நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். கூடியிருந்தால் குடித்தது அதிகம். இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்து, நாக்கு வறண்டு, நின்றால் கிறுகிறுப்பு வருகிறது என்றால் குடித்தது போதவில்லை. நாலைந்து தடவை பார்த்தால் உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்கே பிடிபடும்.

இளநீரா, மோரா, உப்புச் சர்க்கரைத் தண்ணீரா?

இளநீர் அருமையான பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். அதனால் இளநீர் மட்டுமே போதும் என்று நம்ப வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஆனால் சிலருக்கு ஓடும்போது மோர் வயிற்றைப் புரட்டும். பயிற்சியின்போதே பழகிப் பார்த்துவிட வேண்டும். பந்தய நாளில் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

உப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டிய அளவு. உப்பு கூடக்கூட நல்லது என்று கைக்கு வந்ததை அள்ளிப் போட வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள். உப்புச் சேர்த்த பானம்தானே என்று அதையும் அளவு மீறிக் குடித்தால் ரத்தம் நீர்த்துத்தான் போகும். அளவுதான் முக்கியம்.

நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவருக்கு வெறும் தண்ணீர் போதாது, ஆகாரமும் வேண்டும். வாழைப்பழம், உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக. முந்தின நாளும் ஓடி வந்த அன்றும் எண்ணெய் முழுக்கு வேண்டாம். இரண்டு நாள் ஓய்வெடுத்து, உடம்பு தேறியதும் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கலாம்.

விழுந்தவரைக் கண்டால்

யாராவது மயங்கினால் நம் ஊரில் முதல் குரல் என்ன? “தண்ணி கொண்டாங்க, தண்ணி!” அன்பால் வருகிற குரல்தான். ஆனால் நெடுந்தூரம் ஓடியவர் விஷயத்தில் ஒரு நிமிஷம் பொறுத்து, அவரைக் கவனியுங்கள். சுயநினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

1. ஓடி முடித்து நின்றதும் விழுந்தார், ஆனால் பெயர் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார். பெரும்பாலும் ரத்தம் காலில் தேங்கியதால் வந்த மயக்கம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். சில நிமிஷத்தில் தெளிவார். தாகம் என்றால் பிறகு குடிக்கட்டும். இதைத் தவிர்க்க, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் டக்கென்று நிற்காமல் கொஞ்சம் நடக்க வேண்டும்.

2. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, பிதற்றுகிறார், தள்ளாடுகிறார். வெப்பத்தாக்காக இருக்கலாம். உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போதே குளிர வைக்க ஆரம்பியுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலையை வெளியே தாங்கிப் பிடித்து உடம்பை அமிழ்த்தலாம். இல்லையென்றால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி போட்டு, விசிறுங்கள்.

3. அவ்வளவு சூடு இல்லை. ஆனால் தலைவலி, வாந்தி, வயிறு உப்புசம், விரலும் முகமும் வீக்கம், மோதிரம் இறுக்கம், பேச்சில் குழப்பம். வழியெல்லாம் நிறையக் குடித்தவர். இவருக்குத் தண்ணீர் கூடாது! உடனே ஆஸ்பத்திரி. ஓடி முடித்துச் சில மணி நேரம் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகும் இது தலைகாட்டலாம். “களைப்பு, தூங்கட்டும்” என்று விட்டுவிடாதீர்கள்.

4. ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தார், கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை. இதயம் நின்றிருக்கலாம். 108-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள்.

மூன்றாவது நிலையில் ஆஸ்பத்திரியில் நீங்கள் சொல்ல வேண்டியது மிக முக்கியம். “இவர் இத்தனை மணி நேரம் ஓடினார். நிறையத் தண்ணீர் குடித்தார். சோடியம் பார்த்துவிடுங்கள் டாக்டர்” என்று சொல்லுங்கள். மயங்கி வந்தவருக்கு நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்துச் சாதாரண சலைன் பாட்டில் ஏற்றுவது சகஜம். இந்த நிலையில் அது உதவாமல் போவதோடு நிலையை மோசமாக்கவும் கூடும். நிலை கடுமையாக இருந்தால் டாக்டர்கள் 3 சதவீத அடர் உப்புக் கரைசலை அளவாக ஏற்றுவார்கள். சரியான நேரத்தில் ஏற்றினால் ஆள் கண்ணெதிரே தெளிந்துவிடுவார். இங்கே கஷாயத்துக்கும் சூரணத்துக்கும் வேலை இல்லை. சித்த வைத்தியனாகவே இதைச் சொல்கிறேன்.

வலி மாத்திரை வேண்டாம்

முழங்கால் வலிக்குமே என்று முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், ஓட்டத்தில் ஏற்கெனவே ரத்தம் குறைவாகப் போகிற சிறுநீரகத்தை மேலும் வாட்டும். தண்ணீரைத் தேக்கவும் செய்யும். காம்ரேட்ஸ் ஓடிய பிறகு சிறுநீரகம் செயலிழந்து சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஓடிய பிறகு சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் போகாமலே இருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தசை நார் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற அறிகுறி அது.

டூ ஓஷன்ஸ் ஓட வேண்டுமானால், முன்பே ஒரு முழு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்திருக்க வேண்டும். நம் வீட்டிலும் அப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள், இவர்கள் பரிசோதனை செய்யாமல் பெயர் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தங்கள் டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த மாத்திரையும் சோடியத்தைக் குறைக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர் வீட்டிலேயே இருக்கட்டும். குளிர்ந்த ஊரிலிருந்து புழுக்கமான கடலோர ஊருக்கு ஓட வருகிறவர் பத்துப் பதினாலு நாள் முன்னதாக வந்து உடம்பைப் பழக்கிக்கொள்வது நல்லது.

ஆகவே, 56 கி.மீ. ஓடுகிறவருக்கு எத்தனை லிட்டர் என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஆளுக்கும் ஊருக்கும் காற்றுக்கும் தகுந்தபடி அது மாறும். உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஓடப் புறப்பட்டால், வழியனுப்பும்போது “நிறையத் தண்ணி குடி”ன்னு சொல்லாதீங்க. “தாகம் எடுத்தா நின்னு குடி, முடியலைன்னா நடந்து வா”ன்னு சொல்லி அனுப்புங்க.